செட்டிநாட்டுப் பாணியில் வீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கத்து வீடுகளைப் பார்த்துவிட்டு, அதே முற்றம், அதே தூண், அதே ஆத்தங்குடித் தரை (அந்த ஊரில் கையால் வார்க்கும் வண்ணத் தரைக்கல் பதித்தது) வேண்டும் என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். நல்ல ஆசைதான். ஆனால் அந்த வீடுகளில் வெறும் அழகுக்காக வைத்தது குறைவு. வெயிலுக்கும் மழைக்கும் வந்துபோகும் மனிதர்களுக்குமாக அமைந்தவை அவை. தோற்றத்தை மட்டும் எடுத்துவந்தால் வீடு உழைக்காது.

பெரிய தவறு, முற்றத்தை மூடுவது. சூடான காற்று மேலேறி வெளியேறத்தான் முற்றம் திறந்திருக்கிறது. பாலிகார்பனேட் ஷீட் (வெளிச்சம் விடும் பிளாஸ்டிக் தகடு) போட்டு அடைத்தால் வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. சித்திரை மதியம் கூடத்தில் உட்கார முடியாது. திருட்டுப் பயத்துக்கு இரும்புக் கம்பியும் கொசுவுக்கு வலையும் போதும். மழை உள்ளே விழவே கூடாது என்பவர்கள், மூடும் கூரையை இரண்டடி தூக்கி நான்கு பக்கமும் காற்றுக்கு விடவேண்டும்.

முற்றத்தைத் திறந்தே வைப்பவர்கள் தண்ணீர்க் கணக்கில் கோட்டை விடுகிறார்கள். உள்பக்கம் சரியும் கூரையும் முற்றமும் சேர்ந்து 60 சதுர மீட்டர் என்றால், ஐப்பசி மழை 50 மி.மீ. பெய்தாலே 3,000 லிட்டர் அங்கே வந்து விழும். ஒரே ஒரு குழாய் வைத்து, அதில் நாலு இலை அடைத்துக்கொண்டால், தண்ணீர் கூடத்துக்குள் ஏறிவிடும். முற்றத்தைச் சுற்றுத் தளத்தைவிட அரை முதல் முக்கால் அடி இறக்கி, எதிரெதிர் மூலைகளில் இரண்டு வடிகால் வையுங்கள்.

ஆத்தங்குடிக் கல்லைப் பாழாக்குவது பெரும்பாலும் பதிப்பவர்தான். இது சூளையில் சுட்டதல்ல. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் குழம்பை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் சேர்த்து வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. செராமிக் தரைக்குச் செய்வதுபோல மேலே சிமெண்ட் பால் ஊற்றி இடுக்கை நிரப்பினால் கறை பிடிக்கும். அந்தக் கறையைப் போக்க ஆசிட் ஊற்றுவார்கள்; மேல்வண்ணமே சிமெண்ட் என்பதால் அதையும் ஆசிட் தின்றுவிடும். அப்புறம் அந்தக் கல்லை மாற்றுவதைத் தவிர வழியில்லை. இடுக்கில்லாமல் நெருக்கிப் பதித்து, வழிந்த கலவையை உடனுக்குடன் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கல் முக்கால் அங்குலம், அடியில் கலவை ஒன்றரை அங்குலம். இந்த உயரத்தை முன்பே விடாவிட்டால் பிறகு எல்லாக் கதவுகளின் அடியையும் இழைக்க நேரிடும். பெயிண்ட் வேலை முழுக்க முடிந்த பிறகே தரையைத் தொடுங்கள். பதித்து நன்றாகக் காய்ந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்; நடக்க நடக்க மெருகேறும்.

சுண்ணாம்புப் பூச்சில் அவசரம் ஆகாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல இறுகுவது. சீக்கிரம் இறுகட்டும் என்று சிமெண்ட் கலந்தாலோ, மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்ட் அடித்தாலோ, சுவரின் ஈரம் வெளியேற வழியின்றிப் பொருக்குப் பொருக்காக உதிரும். கடைசி மெருகுப் பூச்சை ஒரு சுவருக்கு ஒரே நாளில் முடித்தாக வேண்டும். பாதியில் நிறுத்தினால் அந்த ஒட்டு கோடாகத் தெரிந்துகொண்டே இருக்கும். அதற்கேற்ற கொத்தனார்களை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தெருவோடு பேசத்தான் திண்ணை. ஆறடி மதிலுக்குள் கட்டினால் செருப்பு வைக்கத்தான் உதவும். மதிலைத் தாழ்த்துங்கள், அல்லது திண்ணையைத் தெருப்பக்கம் கொண்டுவாருங்கள்.

பழைய மரத்தூண்களைத் தளம் போட்ட பிறகு வாங்குவதும் வழக்கமாக நடக்கும் தவறு. உயரம் பொருந்தாது, அடியை அறுப்பார்கள், தூணின் அளவே கெட்டுவிடும். தூணை முதலில் வாங்கி அளந்துகொண்டு கூரை உயரத்தை முடிவுசெய்யுங்கள். நேரே கான்கிரீட்டில் புதைத்தால் ஈரம் ஏறிக் கரையான் பிடிக்கும்; தரைக்கு மேல் எழும்பிய கல் பீடத்தில்தான் நிறுத்த வேண்டும்.