அரிசிக் கடைக்கு ஒரு வலைத்தளம்: டொமைன் முதல் பேக்கப் வரை

மன்னார்குடியிலோ திருத்துறைப்பூண்டியிலோ மாப்பிள்ளை சம்பா, கருப்புக் கவுனி, சீரகச் சம்பா விற்கும் ஒரு சிறு கடையை எடுத்துக்கொள்வோம். முகப்பு, அரிசி வகைகள், விலை, கடைக்கு வரும் வழி, தொடர்பு என்று ஐந்து பக்கம் போதும். தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ் இலவசம். காசு போவது தளத்தின் முகவரிப் பெயரான டொமைனுக்கும், தளத்தின் கோப்புகளை வைக்கும் வாடகை இடமான ஹோஸ்டிங்குக்கும்தான்.

1. டொமைன் உங்கள் பெயரில் இருக்கட்டும்

டாட் இன், டாட் காம் இரண்டில் எது கிடைத்தாலும் நல்லது. பெயரை போனில் சொன்னால் எதிரில் இருப்பவர் தப்பில்லாமல் டைப் செய்ய வேண்டும், அதுதான் அளவுகோல். முதல் வருடச் சலுகை விலையை மட்டும் பார்க்காதீர்கள். இரண்டாம் வருடம் முதல் என்ன கட்டணம் என்று அதே பக்கத்தில் தேடிப் பாருங்கள்.

டொமைன் கணக்கு கடைக்காரரின் மின்னஞ்சலில், கடைக்காரரின் போன் நம்பரில்தான் இருக்க வேண்டும். தளம் செய்து தரும் தம்பி தன் மின்னஞ்சலில் வாங்கிவிட்டு, நாளை வேறு ஊருக்கு வேலைக்குப் போனால், புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் எல்லாம் அவருக்கே போகும். தேதி தாண்டிய டாட் காம் பெயர் 30 நாள் மீட்புக் காலத்துக்குள் போய்விட்டால், வழக்கமான கட்டணத்தோடு கூடுதல் தொகையும் கட்டித்தான் மீட்க முடியும். அதையும் தவறவிட்டால் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆட்டோ ரினியூவலை ஆன் செய்யுங்கள். அதில் சேர்த்த கார்டு காலாவதி ஆகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. ஹோஸ்டிங்கும் பூட்டும்

வேர்ட்பிரஸ் ஓடத் தேவையான பிஎச்பி, மைஎஸ்கியூஎல் இரண்டும் இருக்கும் சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங் (பல தளங்கள் ஒரே கணினியைப் பகிரும் வகை) இந்த அளவுக்குத் தாராளம். டொமைன் கணக்கில், பெயரை ஹோஸ்டிங்கோடு இணைக்கும் நேம்சர்வரை மாற்றியபின் 48 மணி நேரம் வரை பொறுங்கள். ஒரு போனில் தளம் தெரியும், இன்னொன்றில் தெரியாது. பதறி நடுவில் மறுபடி மாற்றினால் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும்.

ஹோஸ்டிங்கின் கன்ட்ரோல் பேனலில், தளத்துக்கும் பார்ப்பவருக்கும் நடுவே போகும் தகவலைப் பூட்டும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழை இலவசமாகப் போடலாம். அது வழக்கமாக 90 நாளுக்குத்தான் செல்லும். தானாகப் புதுப்பிக்கும் அமைப்பு ஓடுகிறதா என்று பாருங்கள். மூன்று மாதம் ஒழுங்காக ஓடிய தளம் திடீரென 'பாதுகாப்பற்றது' என்று காட்டினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

3. வேர்ட்பிரஸ் போட்டதும் தொட வேண்டியவை

அட்மின் என்ற யூசர்நேம் வேண்டாம். செட்டிங்ஸில் ஜெனரல் பக்கம் போய் நேர மண்டலத்தைக் கொல்கத்தாவுக்கு மாற்றுங்கள். ரீடிங் பக்கத்தில், தேடுபொறிகள் வர வேண்டாம் என்ற டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். வேலை நடக்கும்போது போட்டு, திறந்த பிறகு மறந்துபோகிற டிக் அது. பக்க முகவரிகளின் வடிவத்தை முடிவு செய்யும் பெர்மாலிங்க்ஸில் 'போஸ்ட் நேம்' தேர்ந்தெடுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சிக்கல் அந்த பெர்மாலிங்க்கில்தான் இருக்கிறது. பக்கத்தின் தலைப்பைத் தமிழில் கொடுத்தால் வேர்ட்பிரஸ் அதையே முகவரியாக்கும். ஆனால் அந்த இடத்துக்கு 200 குறிகள்தான் எல்லை. தமிழில் அடிப்படை எழுத்து, கால், கொம்பு, புள்ளி ஒவ்வொன்றும் முகவரிக்குள் 9 குறியாக விரியும். 'மாப்பிள்ளை சம்பா அரிசி விலை' என்று தலைப்பு வைத்துப் பாருங்கள். மாப்பிள்ளைக்கு 90, சம்பாவுக்கு 45, அரிசிக்கு 45, நடுவே இடைவெளிகளுக்கு மூன்று. ஆக 183. மிச்சம் இருப்பதில் 'விலை'யின் 'வ' மட்டும் நுழையும். முகவரி 'மாப்பிள்ளை-சம்பா-அரிசி-வ' என்று அறுந்து நிற்கும். வாட்ஸ்அப்பில் பகிரும்போது அதுவும் சதவீதக் குறிகளின் நீளமான வரிசையாக வரலாம். ஆகவே தலைப்பு தமிழில் இருக்கட்டும். முகவரிப் பெட்டியில் மட்டும் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல் போடுங்கள். வெளியிடுவதற்கு முன்பே போடுங்கள். பிறகு மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் உடைய வாய்ப்பு உண்டு.

4. அச்சகத்து எழுத்தை அப்படியே ஒட்டாதீர்கள்

கடை நோட்டீஸ் அடித்த அச்சகத்திலிருந்து ஃபைல் வாங்கி ஒட்டினால், பல சமயம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்திருப்பார்கள். எழுத்துரு போனால் தமிழும் போச்சு. என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற கருவியில் கொடுத்து, எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடாக மாற்றிய பிறகு ஒட்டுங்கள். புதிதாக எழுதுவதற்கு போனில் ஜிபோர்டு, கணினியில் தமிழ்99 விசைப்பலகை.

கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்று உண்டு. கவுனியை 'கௌனி' என்று எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டும். சிலர் கொம்பு போட்ட 'கெ'வுக்குப் பக்கத்தில் 'ள' எழுதிவிடுவார்கள். திரையில் அச்சு அசலாக 'கௌ' மாதிரியே இருக்கும். தேடுபவர் சரியாக அடித்தாலும் உங்கள் பக்கத்தில் அந்தச் சொல் அகப்படாது. சோதிப்பது சுலபம்: எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒருமுறை பேக்ஸ்பேஸ் தட்டுங்கள். 'கெ' மிஞ்சினால் தப்பு.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் ஒன்றே போதும். வரி இடைவெளியை 1.6 அல்லது 1.7 வையுங்கள், மிகவும் குறைத்தால் மேல்வரியின் 'சு'வும் கீழ்வரியின் 'கி'யும் மோதலாம்.

5. படங்களை இளைக்கவையுங்கள்

போனில் எடுத்த படம் ஒன்று 4 எம்பி என்றால், பத்து படம் 40 எம்பி. சிக்னல் மங்கிய கிராமத்தில் நொடிக்கு 1 மெகாபிட் வேகம் கிடைத்தாலும் அது திறக்க 320 நொடி ஆகும். யாரும் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார்கள். ஸ்க்வூஷ் என்ற இலவசக் கருவியைப் பிரவுசரில் திறங்கள். படம் உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது. அகலத்தை 1200 பிக்சலாக்கி, வெப்பி (WebP) வடிவம், தரம் 75 என்று வையுங்கள். பெரும்பாலான படங்கள் 150 கேபி பக்கம் வந்துவிடும்; பத்துக்கும் சேர்த்து 12 நொடி. அரிசி மணியை நெருக்கமாக எடுத்த படம் மட்டும் அவ்வளவு இளைக்காது, அதில் நுணுக்கம் அதிகம். அதற்கு அகலத்தை 800 ஆக்குங்கள்.

முடித்ததும் கூகுளின் வேகச் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் மொபைல் பகுதியைப் பாருங்கள். பக்கத்தின் மிகப் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ தெரிய ஆகும் நேரம் 2.5 நொடிக்குள் இருந்தால் நல்லது.

6. வாடிக்கையாளர் வரும் வழி

வாட்ஸ்அப் இணைப்பில் நம்பரை 91 சேர்த்து எழுதுங்கள்; கூட்டல் குறி, முன்னால் பூஜ்யம், இடைவெளி எதுவும் கூடாது. தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து, பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பைக் கொடுங்கள். வேர்ட்பிரஸ் 5.5 முதல் அதைத் தானே உருவாக்கித் தருகிறது, தனி பிளகின் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் கூடுதல் நிரல்) தேவையில்லை. கூகுள் பிசினஸ் புரொஃபைலில் கடையின் இடத்தைக் குறிக்கும்போது வரைபடக் குறியை வாசலில் வையுங்கள், தெருமுனையில் வேண்டாம்.

7. பேக்கப்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. பேக்கப் கடைக் கணினியில் மட்டும் இருந்தால் அந்த நாட்களில் எதுவும் செய்ய முடியாது. ஹோஸ்டிங்கிலேயே இருந்தால், அந்தக் கணக்கு முடங்கும்போது அதுவும் சேர்ந்து முடங்கும். அப்டிராஃப்ட் பிளஸ் பிளகினைப் போட்டு, கடைக்காரரின் கூகுள் டிரைவுக்கு வாரம் ஒருமுறை போகும்படி அமையுங்கள். கோப்புகள், டேட்டாபேஸ் இரண்டும் வேண்டும். டேட்டாபேஸை விட்டுவிட்டால் படம் இருக்கும், எழுதியது இருக்காது.

பிளகின்களை அப்டேட் செய்யும் முன் ஒரு பேக்கப் எடுங்கள். ஒவ்வொன்றாக அப்டேட் செய்து, ஒவ்வொரு முறையும் தளத்தைத் திறந்து பாருங்கள். மொத்தமாகச் செய்தால் எது கெடுத்தது என்று தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த பேக்கப்பை ஒரு சப்டொமைனில் (அதே டொமைனின் கிளை முகவரி) புதிதாகப் போட்ட வேர்ட்பிரஸில் மீட்டெடுத்து, விலைப் பக்கம் முழுதாக வருகிறதா என்று பாருங்கள். பார்த்ததும் அதை அழித்துவிடுங்கள். பழைய விலையோடு இன்னொரு கடை தேடலில் தெரியக்கூடாது.