நாயின் புராஸ்டேட் வீக்கம்: சிகிச்சையில் நேரும் தவறுகள்

குலசேகரம், திருவட்டாறு பக்கத்து ரப்பர் தோட்டங்களில் காவலுக்கு வளர்க்கப்படும் ஆண் நாய்கள் பலவும் காயடிக்கப்படாதவை. அவற்றுள் ஒன்றுக்கு ஆறேழு வயதாகும்போது, சிறுநீர் கழிக்காத வேளையிலும் குறியிலிருந்து இரத்தம் சொட்டினால், உடல் சூடு என்று சொல்லி இளநீரும் அக்கானியும் (பதநீர்) கொடுத்து நாள் கடத்துவதே முதல் தவறு. காயடிக்காத நாய்களில் 5 வயது கடந்த பெரும்பாலானவற்றுக்கு ஆண் ஹார்மோனின் தூண்டலால் புராஸ்டேட் சுரப்பி ஓரளவு பெருத்திருக்கும். மனிதருக்கு அது சிறுநீர்ப் பாதையை நெருக்கும். நாய்க்கோ பெரும்பாலும் மலக்குடலை அழுத்தும். ஆகவே, நாய் முக்கி முக்கித் தட்டையாக மலம் கழிப்பதை வெறும் மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் புகட்டுவதால் பயனில்லை.

ஸ்கேனில் வீக்கம் தெரிந்ததும் சோதனையை நிறுத்திவிடுவது இதைவிடப் பெரிய பிழை. சாதாரணப் பெருக்கம், கிருமித் தொற்று, சீழ்க்கட்டி, நீர்க்கட்டி, புற்றுநோய் எல்லாமே வீக்கமாகத்தான் தெரியும். மலக்குடல் வழியாக விரலால் தொட்டுப் பார்ப்பதும், சிறுநீரில் கிருமி வளர்ப்புச் சோதனை செய்வதும் சேர்ந்தால்தான் வேறுபாடு புலப்படும். தொற்று நாள்பட்டதாக இருந்தால் அமாக்சிசிலின் போன்ற மருந்துகள் சுரப்பிக்குள் போதிய அளவு ஊடுருவுவதில்லை. என்ரோஃப்ளாக்சசின் போன்றவை ஊடுருவும் என்றாலும், அவற்றையும் சோதனை முடிவுக்கேற்ப 4 முதல் 6 வாரம் தர வேண்டியிருக்கும். சொட்டு நின்றதும் ஒரே வாரத்தில் மாத்திரையை நிறுத்துபவர்கள்தாம் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

சாதாரணப் பெருக்கத்துக்குக் காயடித்தலே நிலையான தீர்வு. சில வாரங்களிலேயே சுரப்பி சுருங்கத் தொடங்கும். இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் இராஜபாளையம் நாய்க்குச் சுரப்பியைச் சுருக்கும் ஃபினாஸ்டெரைடு மாத்திரை தரலாம், நிறுத்தினால் வீக்கம் திரும்பும். (அந்த மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் வேலையைக் கர்ப்பிணிகளிடம் விடக் கூடாது.) ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) ஊசி எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கக்கூடியது என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது.

காயடித்த நாய்க்கு இந்த நோய் வராது என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. சாதாரணப் பெருக்கம் அதற்கு வராது. அதனாலேயே அதன் புராஸ்டேட் பெருத்திருந்தால் முதலில் புற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டும். புராஸ்டேட் புற்றைச் சந்தேகித்து மனிதருக்குச் செய்யும் பி.எஸ்.ஏ. இரத்தச் சோதனை இங்கே உதவாது. இந்தப் புற்று இடுப்பு முதுகெலும்புக்குப் பரவும்போது பின்னங்கால்கள் தளரும். அதை வாதம் என்று எண்ணித் தைலம் தேய்க்காமல், நெஞ்சுக்கும் இடுப்புக்கும் எக்ஸ்ரே எடுத்த பிறகே சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டும். அதுவரை வலிக்கென்று வீட்டிலுள்ள இபுப்ரோஃபென் மாத்திரையைக் கொடுத்துவிடக் கூடாது. அது நாயின் இரைப்பையில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தையும் பழுதாக்கும்.