பழைய டீசல் காரில் ஆயில் கூலர் மாற்றுவது: அந்த இரண்டு நட்டுகள்தான் வேலையே

இன்ஜின் ஆயிலைக் குளிர வைக்கும் ஆயில் கூலரை மாற்றுவது காகிதத்தில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. கூலரைப் பிடித்திருக்கும் சில போல்ட்டுகள், ஆயில் உள்ளே வர ஒரு ஹோஸ், வெளியே போக ஒரு ஹோஸ். ஆனால் அந்த ஹோஸ்கள் கூலரோடு சேரும் இடத்தில் இருக்கும் இரண்டு நட்டுகள் இருக்கின்றனவே, இருபது முப்பது வருடம் மழையும் சேறும் குடித்துவிட்டு அவை லேசில் அசையாது. மொத்த வேலையும் அங்கேதான்.

நான் சொல்வது ரேடியேட்டருக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும், காற்றில் குளிரும் வகை. 1980-களின் மெர்சிடிஸ் 300டி டர்போ மாதிரி வண்டிகளில் பார்த்திருப்பீர்கள். ஆயில் ஃபில்டருக்கு அடியில் உட்கார்ந்து ரேடியேட்டர் தண்ணீரில் குளிரும் வகை வேறு; அது உள்ளே ஓட்டையானால் எக்ஸ்பான்ஷன் டேங்கில் பழுப்பு நிறக் கூழ் மிதக்கும், அதற்கான வேலையும் வேறு.

முதலில் ஒழுகுவது கூலர்தானா என்று பாருங்கள். வண்டி ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளி இன்ஜின் முழுக்கப் பூசிவிடும், அதைப் பார்த்துவிட்டு ஆயில் வெளியே வராமல் அடைக்கும் கிராங்க் சீல் போய்விட்டது என்று இன்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு. மண்ணெண்ணெயில் எல்லாவற்றையும் துடைத்துக் காயவிட்டு, வண்டியை நன்றாக ஓட்டி வந்து பாருங்கள். வாசலிலேயே ஐடிலில் விட்டுப் பார்த்தால் போதாது. இந்த வகையில் பெரும்பாலும் ஒரு தெர்மோஸ்டாட் இருக்கும். ஆயில் போதுமான அளவு சூடான பிறகுதான் கூலர் பக்கம் முழு ஓட்டமும் போகும். கூலரைத் தொட்டால் சுட வேண்டும், அப்போது பார்த்ததுதான் கணக்கு.

இப்போது ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஒரு முடிவு: நீங்கள் எதைக் காப்பாற்றப் போகிறீர்கள்? கூலரையா, ஹோஸையா, இரண்டையுமா? இதை யோசிக்காமல்தான் நான் முதல் தடவை ஸ்பேனரில் ஒரு நீளமான பைப்பைச் சொருகி முழுப் பலத்தோடு இழுத்தேன். நட்டு கழலவில்லை, கூலரின் அலுமினியக் கழுத்துதான் ஈரத்துணியைப் பிழிந்தது மாதிரி முறுக்கிக்கொண்டது. ஹோஸ் மட்டும் மாற்ற வேண்டிய வேலை அன்று கூலருக்கும் சேர்த்து ஆகிவிட்டது.

கூலர் எப்படியும் குப்பைக்குத்தான், ஹோஸ் நல்ல ஹோஸ் என்றால் வண்டியில் வைத்தே மல்லுக்கட்டாதீர்கள். ஆயிலை வடித்த பிறகு கூலரின் கழுத்தை ஹாக்ஸா பிளேடால் அறுத்து, ஹோஸோடு வெளியே எடுத்து, மிச்சத் துண்டை வைஸில் பிடித்து நிதானமாகக் கழற்றலாம். இரண்டுமே போகப்போகிறது என்றால் எதற்கும் கவலைப்பட வேண்டாம். கூலர் நல்லது, ஹோஸ்தான் வெடித்திருக்கிறது என்றால் ஹோஸை நட்டுக்கு மேலே வெட்டிவிடுங்கள். அப்போதுதான் ஆறு பட்டை உள்ள முழு சாக்கெட் நட்டின்மேல் உட்கார இடம் கிடைக்கும். ஹோஸ் இருக்கும்வரை திறந்த வாய் ஸ்பேனர்தான் நுழையும், அது நட்டின் முனைகளைத் தின்றுவிடும்.

எதையும் வெட்ட மனம் வரவில்லை என்றால் பொறுமைதான் வழி. வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஆயிலை முந்தின நாளே அடித்து வையுங்கள், இரண்டு மூன்று தடவை. இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டி இருந்தால் அலுமினியம்தான் அரித்துப்போகும், அந்த வெள்ளைப் பொடி மரைக்குள் அடைத்துக்கொள்ளும். சூடு வைப்பதாக இருந்தால் எது வெளியே இருக்கிறது என்று பாருங்கள். அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ 2 மடங்கு விரியும். அலுமினியக் கழுத்து வெளியேயும் இரும்பு உள்ளேயும் இருந்தால் மொத்தமாகச் சூடாக்கினாலே இளகும். இரும்பு நட்டு வெளியே இருந்தால் மொத்தமாகச் சூடாக்குவது இன்னும் இறுக்கிவிடும். நட்டை மட்டும் சட்டென்று சூடாக்கி உடனே முயல வேண்டும். ஹாட் ஏர் கன் போதும். ஆயிலும் ரப்பரும் இருக்கிற இடத்தில் தீச்சுடர் வேண்டாம்.

கழற்றும்போது எப்போதுமே இரண்டு ஸ்பேனர். ஒன்று கூலரின் கழுத்துப் பட்டையைப் பிடித்து நிற்க, இன்னொன்று நட்டைத் திருப்ப. அதனால் கூலரின் போல்ட்டுகளைக் கடைசியில் கழற்றுங்கள், அதுவரை அதுவும் கொஞ்சம் தாங்கும். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு அட்டையைச் சொருகி வையுங்கள், ஸ்பேனர் வழுக்கினால் அதன் மெல்லிய தகடுகள்தான் அடி வாங்கும்.

ஆயிலை இதமான சூட்டில் வடியுங்கள், கையைச் சுடும் சூட்டில் வேண்டாம். ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். வடித்த பிறகும் கூலரிலும் ஹோஸிலும் மிச்சம் இருக்கும், நட்டு கழன்றதும் அது கொட்டும் என்பதால் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தொடங்குங்கள். திறந்த வாய்களையெல்லாம் உடனே பிளாஸ்டிக் கட்டி மூடவும். இன்ஜினில் எப்போதாவது பேரிங் உடைந்து உலோகத்தூள் ஓடியிருந்தால், பழைய கூலரைக் கழுவி மாட்டலாம் என்ற ஆசையே வேண்டாம். உள்ளே இருக்கும் வழிகள் குறுகலானவை, எவ்வளவு கழுவினாலும் தூள் மிச்சமிருக்கும், புது பேரிங்கைத்தான் அது முதலில் தேடிப்போகும்.

ஹோஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடுவில் வெட்டி ரப்பர் குழாயைச் சொருகி கிளிப் போட்டு முறுக்குவதைச் செய்யாதீர்கள். அந்த அழுத்தத்தில் ஒருநாள் பிடுங்கிக்கொண்டு வந்தால் ஆயில் முழுவதும் சாலையில், நீங்கள் கவனிப்பதற்குள் இன்ஜின் இறுகி நின்றுவிடும். பழைய முனைகளை வைத்து ஹோஸ் அழுத்தித் தருகிறவர்களிடம் போகலாம், ஆனால் எத்தனை டிகிரி தாங்கும் என்று கேளுங்கள். சாதாரண ஹைட்ராலிக் ஹோஸ் பலவும் 100 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான், இன்ஜின் ஆயில் அதைத் தாண்டும்.

புதுக் கூலரைப் பழையதன் பக்கத்தில் வைத்து மரை, கழுத்தின் கோணம், போல்ட் ஓட்டை எல்லாம் ஒப்பிடுங்கள். வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே நட்டைக் கையால் முழுதும் ஏற்றிப் பாருங்கள், கையால் ஏறாத மரை ஸ்பேனரால் ஏறினால் அது கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம். தாங்கும் ரப்பர் புஷ்களை மாற்றிவிடுங்கள், அவை நசுங்கிப்போனால் அதிர்வெல்லாம் கழுத்துக்குத்தான் போகும். பொருத்தும்போது முதலில் நட்டுகளைக் கையால் ஏற்றி, அப்புறம் கூலரின் போல்ட்டுகள், கடைசியில் மறுபடி இரண்டு ஸ்பேனரோடு கையேட்டில் உள்ள இறுக்கம். ஹோஸ் எந்த விளிம்பிலும் உரசக் கூடாது.

ஆயில் நிரப்பி, முடிந்தால் இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப் லீவரைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் ஆகாமல் 10 வினாடி, கொஞ்சம் ஓய்வு, மறுபடி 10 வினாடி என்று ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுற்றுங்கள். பிரஷர் மீட்டர் அசைந்த பிறகு ஸ்டார்ட் செய்யலாம். ஐடிலில் ஒழுக்கு பார்த்து, நன்றாகச் சூடாக ஓட்டி வந்து இன்னொரு முறை பாருங்கள், தெர்மோஸ்டாட் திறந்து புதுக் கூலர் நிரம்பியதும் டிப்ஸ்டிக்கில் அளவு குறைந்திருக்கும். சில நிமிடம் விட்டு, சமதளத்தில் பார்த்து, குறைந்ததை ஊற்றிக்கொள்ளுங்கள்.