ஊரடங்கில் தெருவில் இருக்கும் மனநோயாளருக்கு எப்படி உதவுவது

2020 மார்ச்சில் இலங்கையில் கொரோனா ஊரடங்கு வந்த பிறகு கிளினிக் மருந்தைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பினார்கள், நல்ல ஏற்பாடுதான், ஆனால் மட்டக்களப்பு பஸ் நிலையத்திலோ மாமாங்கம் கோயில் பக்கமோ படுத்திருப்பவருக்கு எந்த விலாசத்துக்கு அனுப்புவது? இன்னொரு தொற்று வந்து ஊர் அடைபட்டால் அவரைப் பார்க்க வேண்டியது அந்தத் தெருவில் இருக்கும் நாங்கள்தான்.

முதலில் சாப்பாடு. பார்சலையும் தண்ணீர்ப் போத்தலையும் கொடுங்கள், விசாரணை பிறகு. யாரோ தன்னைப் பிடிக்க வருகிறார்கள் என்று ஏற்கெனவே பயந்துபோய் இருப்பவரை முகக்கவசம் போட்ட நாலு பேர் சுற்றி நின்றால் அவர் மிரண்டு ஓடத்தான் செய்வார். ஒருவர் மட்டும் போய், ஒரு மீற்றர் தள்ளிக் குந்தி, "ஐயா, சாப்பிட்டீங்களா" என்று மெதுவாகக் கதையுங்கள். அவருக்குக் கேட்கும் குரல்களைப் பொய் என்று வாதாட வேண்டாம், உண்மை என்று தலையாட்டவும் வேண்டாம், "பயமா இருக்கு போல" என்றால் போதும். தயவுசெய்து படம் எடுத்து பேஸ்புக்கில் போடாதீர்கள்.

அப்புறம் மருந்து, இதில்தான் கனபேர் கோட்டை விடுகிறார்கள். கிளினிக் கொப்பி (மருந்தும் வரவேண்டிய திகதியும் எழுதியிருக்கும் புத்தகம்) வைத்திருக்கிறாரா என்று அவரிடமே கேளுங்கள். மனநோய்க்கு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடுகிறவர் என்றால் திகதி தவறினாலும் உடனே ஒன்றும் தெரியாது, சில வாரம் போய்த்தான் தூக்கம் கெட்டு, தனியாகப் பேசி, சாப்பாட்டில் நஞ்சு இருக்கிறது என்று தட்டிவிடத் தொடங்குவார். ஆகவே ஆள் நன்றாகத்தானே இருக்கிறார் என்று விடாமல், மட்டக்களப்பு போதனாவோ கல்முனையோ அக்கரைப்பற்றோ, கொப்பியில் உள்ள வைத்தியசாலைக்குப் போன் எடுத்து ஊசிக்கு வழி கேளுங்கள். கொப்பி இல்லையா, சரி, கிராம சேவகருக்கும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

நேற்றுவரை தெளிவாகக் கதைத்தவர் இன்று நாள், இடம் தெரியாமல் உளறினால் மனநோய் முற்றிவிட்டது என்று நினைக்காதீர்கள். காய்ச்சல், ஒட்சிசன் குறைவு, இரத்தத்தில் சீனி இறங்குவது, எதுவும் காரணமாக இருக்கலாம். சாராயக் கடை பூட்டி இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, இல்லாத பூச்சியைத் தட்டிவிட்டு, வலிப்பும் வந்தால், அது தினமும் குடித்தவருக்குத் திடீரென்று குடி நின்றதால் வருவது, உயிரையே எடுக்கும். இரண்டுக்குமே உடனே 1990 அம்புலன்ஸ்தான், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. ஏற்றும்போது அவருடைய பையையும் கூடவே ஏற்றிவிடுங்கள், கொப்பியும் அடையாள அட்டையும் அதற்குள் இருக்கலாம், அதோடு பையை விட்டுவிட்டு வர அவர் சம்மதிக்கவும் மாட்டார்.