பிள்ளையின் கை திடீரெனத் தளர்ந்தால்: மோயாமோயாவைக் கண்டுபிடிப்பது எப்படி

சூடான கஞ்சியை ஊதும்போதோ ஏங்கி ஏங்கி அழும்போதோ பிள்ளைக்கு ஒரு பக்கக் கை தளர்ந்து, வாய் கோணி, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டால், கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். மோயாமோயா என்ற ரத்தக்குழாய் நோய் இருந்தால் மூளைக்குப் போகும் பெரிய குழாய்களே ஏற்கெனவே குறுகி வருவதால் அந்தச் சின்னச் சுருக்கத்தைக்கூடத் தாங்காது.

உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் செல்போனில் வீடியோ எடுக்கட்டும், ஏனென்றால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பிள்ளை சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும். சிடி ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் அதோடு விடாமல், எம்ஆர்ஐயும் மூளையின் ரத்தக்குழாய்களைக் காட்டும் எம்ஆர் ஆஞ்சியோகிராமும் எடுக்கலாமா என்று கேளுங்கள். அப்புறம் உறுதிப்படுத்த, குழாய் விட்டு எடுக்கும் ஆஞ்சியோகிராம் தேவைப்படலாம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ நிலையம் ஒன்றும் தூரமில்லை.

மாத்திரை அடைப்பைத் திறக்காது. ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைக் குறைக்கும், அவ்வளவுதான். பெரியவர்களுக்கு இதே நோயில் மூளையில் ரத்தக்கசிவும் வரலாம் என்பதால் அதை நீங்களாகத் தொடங்கவே கூடாது. பலருக்கு அறுவைச் சிகிச்சைதான் வழி: தலைத்தோலில் ஓடும் ரத்தக்குழாயை மூளையின் குழாயோடு தைப்பார்கள், அல்லது மூளையின் மேல் பதித்துவைப்பார்கள், மாதக்கணக்கில் புதுக் குழாய்கள் முளைக்கும். அதுவரைக்கும் அதற்குப் பிறகும் தண்ணீர் குறையவிடாதீர்கள், வாந்தி பேதி என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.