தீப்பெட்டி போல இழுத்துத் திறக்கும் கடலைமிட்டாய்ப் பெட்டி: வடிவமைப்பு மாணவர்களுக்கான செய்முறை

கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் அக்கம்பக்கத்துத் தொழில்கள். வித்தியாசமான பேக்கேஜிங் ஒன்றைச் செய்துவருமாறு வகுப்பில் பணி கொடுக்கப்பட்டபோது, இவ்விரண்டையும் சேர்த்துவிடலாம் என்ற யோசனை எனக்கு உடனே தோன்றியது. ஆனால் அதைக் கையில் பிடித்துத் திறக்கும்படியான பெட்டியாக மாற்ற மூன்று டம்மிகள் (மாதிரிப் பெட்டிகள்) வீணாயின. முதல் இரண்டில் உள்தட்டு மேலுறைக்குள் நுழையவே இல்லை; மூன்றாவதில் மிட்டாயோடு நழுவித் தரையில் விழுந்தது. அந்த அனுபவத்திலிருந்தே இதை எழுதுகிறேன். மென்பொருளில் கோடு வரைவதும் வண்ணம் நிரப்புவதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: வேடிக்கை எங்கே இருக்கிறது என்று முடிவு செய்தல்

என் முதல் வரைவு நிஜத் தீப்பெட்டியின் நகலாகவே இருந்தது; பக்கவாட்டில் உரசும் மருந்துப் பட்டையைக் கூட அச்சாக வைத்திருந்தேன். அதைப் பார்த்த ஆசிரியர், "இதைத் தின்று பழகிய குழந்தை நாளை அடுப்படியில் இருக்கும் தீப்பெட்டியை எடுத்து வாயில் வைத்தால்?" என்று கேட்டார். அவர் கேட்டது சரியே. அதனால் மருந்துப் பட்டையை நீக்கினேன், பெட்டியைக் கையகலத்துக்குப் பெரிதாக்கினேன், முகப்பில் மிட்டாயின் படத்தையே வைத்தேன். தள்ளித் திறக்கும் அசைவை மட்டும் தீப்பெட்டியிடமிருந்து கடன் வாங்கினேன். அசைவுதான் வேடிக்கை என்றான பிறகு, அது வழுக்கிக்கொண்டு வர வேண்டும். எனவே படம் வரைவதற்கு முன்பே அளவுகளைச் சரிசெய்துவிடுவது நல்லது.

இரண்டாம் படி: அட்டையின் கனத்தைக் கணக்கில் சேர்த்தல்

நான் சறுக்கிய இடம் இதுதான், ஆகையால் சற்று விரிவாகவே சொல்கிறேன். திரையில் கோட்டுக்குக் கனம் இல்லை, அட்டைக்கு உண்டு. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் அட்டையின் எடையே அன்றிக் கனம் அன்று. ஒரே 300 ஜி.எஸ்.எம். அட்டை இரண்டு ஆலைகளிலிருந்து வந்தால் இரண்டு கனத்தில் இருக்கக்கூடும். எனவே அச்சகத்தில் எந்த அட்டையில் அடிக்கப் போகிறார்களோ, அதில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். எனக்குக் கிடைத்தது 0.45 மி.மீ.

உள்தட்டின் உள் அகலம் 75 மி.மீ. வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதன் நீளவாட்டுச் சுவர்கள் உட்பக்கமாக மடிந்து இரட்டை அடுக்காக நிற்பவை. ஆகவே இரு பக்கமும் சேர்த்து நான்கு அடுக்கு, அதாவது 1.8 மி.மீ. கூடி, தட்டின் வெளி அகலம் 76.8 ஆகிவிடுகிறது. தட்டு நகர்வதற்கு மொத்தம் 1 மி.மீ. இடைவெளி விட்டால், மேலுறையின் உள் அகலம் 77.8 ஆக இருக்க வேண்டும். மடிப்புக் கோடு அட்டையின் கனத்துக்கு நடுவே விழுவதாகக் கொண்டால், மேலுறையில் ஒரு மடிப்புக் கோட்டிலிருந்து அடுத்த கோடு வரை ஒரு கனத்தைக் (0.45) கூட்டி 78.25 என்றும், தட்டின் அடிப்பாகத்தில் ஒரு கனத்தைக் குறைத்து 76.35 என்றும் வரைய வேண்டும். நான் முதல்முறை இரண்டுக்கும் 75 என்றே போட்டிருந்தேன். உயரத்துக்கும் இதே கணக்குதான். அடியில் ஒரே அடுக்கு என்பதால் கூட்ட வேண்டியது குறைவு.

அளவு போட்டதும் வெள்ளை அட்டையில் வெட்டி, 100 கிராம் எடையை உள்ளே வைத்துச் சாய்த்துப் பாருங்கள். தானாக நழுவக் கூடாது. பெருவிரலால் ஒருமுறை தள்ளினால் வர வேண்டும். லேமினேஷன் செய்த பெட்டி இன்னும் எளிதாக வழுக்கும் என்பதால், டம்மி ஒரு சொட்டு இறுக்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

மூன்றாம் படி: டைலைன் (வெட்டும், மடிக்கும் கோடுகளின் வரைபடம்) வரைதல்

வெட்டும் கோட்டுக்கு ஒரு நிறம், மடிப்புக் கோட்டுக்கு வேறு நிறம், இரண்டும் படத்திலிருந்து தனி அடுக்கில் இருக்கட்டும். வெட்டுக் கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. பிளீட் (வெட்டு சற்று விலகினாலும் வெள்ளை தெரியாதபடி நீட்டி வைக்கும் படம்) விடுங்கள். பசை பூசும் மடலில் மையும் வார்னிஷும் வரக் கூடாது, வந்தால் பசை பிடிக்காது. நான் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்து, பக்கம் அமைக்கும் ஸ்கிரைபஸில் சேர்த்து, சி.எம்.ஒய்.கே. (அச்சின் நான்கு மை நிறங்கள்) பி.டி.எஃப். எடுக்கிறேன், இரண்டும் இலவசம், தமிழையும் ஒழுங்காகக் கோக்கின்றன. சமூக ஊடக அட்டைகளுக்கான இணையச் செயலிகளில் டைலைன் வரைய முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்காம் படி: எழுத்து

சிறிய எழுத்துகள் அனைத்தையும் கறுப்பு மை 100 சதவீதம் மட்டும் என்று வையுங்கள். திரைக்கான ஆர்.ஜி.பி. கறுப்பை அப்படியே மாற்றினால் அது நான்கு மைகளின் கலவையாகிவிடும். அச்சில் ஒரு மை மயிரிழை விலகினாலும் மெய்யெழுத்தின் புள்ளி மங்கிவிடும். என் இரண்டாம் டம்மியில் "மிட்டாய்" என்பதன் கடைசிப் புள்ளி காணாமல் போய், "மிட்டாய" என்று நின்றது.

ஐந்தாம் படி: சட்டம் கேட்கும் விவரங்கள்

வகுப்புப் பணிதானே என்று இதைத் தள்ளிவைத்தால், முகப்பு முடிந்த பிறகு பின்பக்கத்தில் இடம் இருக்காது. நிகர எடை, அனைத்து வரிகளும் சேர்ந்த அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், நுகர்வோர் தொடர்பு விவரம், சேர்பொருள்கள், ஊட்டச்சத்து அட்டவணை, தயாரித்த நாளும் காலாவதி நாளும், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டமான சைவக் குறி ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்குங்கள். நிலக்கடலை ஒவ்வாமைப் பொருள் என்பதால் அதையும் தனியே குறிப்பிட வேண்டும். தமிழில் மட்டும் எழுதினால் போதாது. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும், தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரையும் சின்னத்தையும் பதிவுபெற்ற பயனாளர்கள்தான் பயன்படுத்தலாம் என்பதால், நான் கற்பனையான பெயர் ஒன்றையே போட்டேன்.

கடலைமிட்டாயை நேரடியாக அட்டையில் வைக்க வேண்டாம். கடலை எண்ணெய் ஊறி அட்டையில் கறை படியும், வெல்லம் காற்றின் ஈரத்தை இழுத்து நசநசத்துப்போகும். உணவுத் தரமான உறையில் இறுக மூடி, அந்த உறையைத் தட்டில் வையுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துச் செய்துபார்த்த ஒரு மாணவி, தன் கணினியில் சரியாக இருந்த "கொ" அச்சகத்துக் கணினியில் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம் என்று சிதறிவிட்டதாகத் தெரிவித்தார். இல்லஸ்டிரேட்டர் மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்துக் கோக்கும் முறையை (composer) தேர்ந்தெடுக்காவிட்டால் இப்படி ஆகும். அச்சகத்தில் எந்தப் பதிப்பு இருக்கும் என்பது நம் கையில் இல்லை. ஆகவே அனுப்பும் கோப்பில் எழுத்துகள் அனைத்தையும் வளைகோடுகளாக மாற்றிவிடுங்கள். மாற்றுவதற்கு முந்தைய பிரதி ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் விலை எப்படியும் ஒருமுறை மாறும்.