மழை லீவிலும் அமில-காரப் பாடம்: அறிவியல் ஆசிரியர்களுக்கு

குமரி மாவட்டத்தில் ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. கலெக்டர் லீவு விட்டாலும் பாடம் நிற்கக்கூடாது என்றால், ஆன்லைனில் வகுப்பெடுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. எது ஆய்வகத்துக்கு, எது வீட்டுக்கு என்று பிரிக்கத் தெரிய வேண்டும்.

ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் ஆய்வகத்தோடு நிற்கட்டும். வீட்டுக்குச் செம்பருத்தி போதும்; எது அமிலம், எது காரம் என்று அதன் சாறு நிறம் மாறிக் காட்டும். 5 சிவப்புப் பூக்களின் இதழ்களை மட்டும் 100 மி.லி. வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து வடிகட்டச் சொல்லுங்கள். வெந்நீர் ஊற்றுவது பெரியவர் வேலை. 4 வெள்ளைக் கிண்ணங்களில் 2 ஸ்பூன் வீதம் சாறு. முதல் கிண்ணத்தில் எதுவும் சேர்க்க வேண்டாம். மற்றவற்றில் எலுமிச்சைச் சாறு, ஆப்பசோடாக் கரைசல், துணி சோப்புத் தண்ணீர் 10 சொட்டு வீதம். எலுமிச்சையில் சிவப்பு கூடும், சோப்பில் பச்சைப் பக்கம் போகும், ஆப்பசோடா இடையில் நிற்கும்.

துணி சோப்பு என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: குளிக்கும் திரவ சோப்புகளில் பல கிட்டத்தட்ட நடுநிலையானவை, நிறம் அசையாது. செம்பருத்திக்குப் பதில் மஞ்சளைக் கொடுத்தால், காரத்தில் சிவக்கும். எலுமிச்சையில் மஞ்சளாகவே இருக்கும். பிள்ளை "ஒண்ணும் வரல சார்" என்று விட்டுவிடும். சாறும் அன்றன்றைக்கு எடுத்ததாக இருக்கட்டும், வைத்திருந்தால் நிறம் மங்கும்.

குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கிற வீடுகளில் ரப்பர் பாலை உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் இருக்கும். "வீட்டில் உள்ள அமிலத்தைச் சோதித்துப் பார்" என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள்; அது தோலையும் கண்ணையும் பொசுக்கும். அனுமதித்த பொருள்களைப் பெயர் சொல்லியே எழுதுங்கள்.

வீடியோ வேண்டாம். ஒரு நிமிட ஆடியோவும் எழுத்தில் செய்முறையும் போதும். பல வீடுகளில் ஒரே போன், அதுவும் வேலைக்குப் போனவர் கையில். எனவே படம் அனுப்பக் கெடு இரவு 9 மணி, பகலில் போன் கிடைக்காத வீட்டுக்கு மறுநாள். 4 கிண்ணங்களும் ஒரே படத்தில், பகல் வெளிச்சத்தில் வர வேண்டும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த நிறத்தை நம்ப முடியாது. ஒப்பிடத்தான் அந்த முதல் கிண்ணம். போன் இல்லாத பிள்ளைக்கு அதே செய்முறைத் தாளை மழைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள், நோட்டில் எழுதி வரட்டும், மதிப்பெண் ஒன்றே.

கேள்விகள் மூன்று: என்ன நடக்கும் என்று நினைத்தாய், என்ன நடந்தது, ஏன்? முதல் விடையைச் செய்து பார்க்கும் முன்பே எழுத வைக்காவிட்டால் இரண்டாவதைப் பார்த்துத் திருத்திவிடுவார்கள்.

பள்ளி திறந்ததும் மாறுபட்ட விடைகளைப் பலகையில் எழுதுங்கள். ஆப்பசோடாவில் நிறம் மாறவில்லை என்றால் எவ்வளவு கரைத்தார்கள், சாறு எப்போது எடுத்தது என்று கேட்டு, லிட்மஸ் தாளை அதற்குப் பிறகு எடுங்கள்.